இடது கரை

கீறல் மூடவில்லை.

அவன் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நேற்றுக் காலை, தட்டில் படர்ந்திருந்த செல்களின் நடுவே கூரிய முனையால் ஒரு கோடு கிழித்து மாசிக்காய்ச் சாறு விட்டிருந்தான். இருபத்து நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. இரு கரைகளும் கிழித்த இடத்திலேயே நின்றன.

முன்பு இதே சாற்றில் இரு கரைச் செல்களும் நகர்ந்து வந்து மறுநாளே கீறலை மூடிவிடும்.

கடுக்காய் பார்த்தாயிற்று. வேலம்பட்டை. நாயுருவி வேர். ஆய்வுத் திட்டத்தில் இல்லாத இலைகளையும் காய்ச்சி வடித்து ஊற்றிப் பார்த்தான்.

ஈறுப் புண்ணுக்கு மருந்து தேடும் ஆய்வு அது.

சில மாதங்களாக அவன் தேடுவது அதற்கல்ல.

அந்தச் செல்களை வளர்த்த குடுவையில் 14 என்று ஒட்டியிருந்தது. ஈறு கொடுத்தவரின் பெயரை எழுதக்கூடாது. எண் மட்டும்தான்.

அவனுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், கீழ்த்தளத்துப் பல் மருத்துவப் பிரிவில் அவன் மனைவிக்குக் கடைவாய்ப் பல் எடுத்தார்கள். பல்லோடு வந்த நெல்மணி அளவு ஈறை ஐஸில் வைத்து அவனே மாடிக்குக் கொண்டுவந்தான். பஞ்சைக் கடித்தபடி அவள் சொன்னாள்:

"என்னைத்தான் கவனிக்கிறதில்ல. அதையாவது நல்லா பாத்துக்குங்க."

போன ஐப்பசியில் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

எரித்துவிட்டு வந்தார்கள்.

மாடியில், இன்குபேட்டருக்குள், முப்பத்தேழு டிகிரியில் அவள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகிக்கொண்டிருந்தாள்.

செல்லுக்கும் கணக்கு உண்டு. இத்தனை முறை பெருகும், பிறகு நின்றுவிடும். உணவு மாற்றினால் சில வாரங்கள் உயிரோடு கிடக்கும். பெருகாது. இதை அவனே முதலாமாண்டு மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறான்.

அவனுடைய வழிகாட்டி குமுதா மேடம் பின்னால் வந்து நின்றார். அவருக்கும் எண் மட்டும்தான் தெரியும். அவனை நகரச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"பதினாலு கிழவியாயிடுச்சுப்பா. இனி என்ன ஊத்தினாலும் எழுந்திருக்காது. கொட்டிட்டுப் புது ஆளைப் பிடி."

இருபத்தாறு வயதில் போனவள். அவளில் கிழவியானது இது ஒன்றுதான்.

அவன் கொட்டவில்லை.

கீழே இறங்கினான். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான்.

"இந்தப் பல்லு நல்லாத்தானேய்யா இருக்கு," என்றார் பல் மருத்துவர். "வலிக்குதா?"

"வலிக்குது."

அன்றும் ஈறை ஐஸில் வைத்து அவனே மாடிக்குக் கொண்டுபோனான். வாயில் பஞ்சு. குடுவையில் 15.

இருபத்து மூன்று நாட்கள். பதினைந்து வளர்ந்தது. பதினான்குக்குத் தவறாமல் உணவு மாற்றினான்.

பிறகு இரண்டு சிறிய அறைகள் கொண்ட அச்சு ஒன்றைத் தட்டில் பதித்தான். இடது அறையில் அவள். வலது அறையில் அவன். இரண்டும் ஒட்டிக்கொண்டதும் அச்சை மெல்லத் தூக்கினான். நடுவே அரை மில்லிமீட்டர் வெற்றிடம்.

குறிப்பேட்டில் சாறு என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் காலை வலது ஓரத்திலிருந்து பார்க்கத் தொடங்கினான்.

அவன் கரையை விட்டு இறங்கியிருந்தான். நீண்டு, மெலிந்து, வெற்றிடத்தில் பாதி தூரம் வந்திருந்தான்.

இனித் திருகைத் திருப்பித் தட்டை நகர்த்தினால் இடது கரை தெரியும்.

விரல் திருகின் மேல் இருந்தது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். தட்டிவிட்டுப் போனார்கள்.

விரல் திருகின் மேலேயே இருந்தது.