எதுவும் ஒட்டாத ஊர்

ஊரின் எல்லாச் சுவர்களுக்கும் அந்தப் பூச்சு அடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதன்மேல் ஒரு துகள்கூடப் பற்றிக்கொள்ளாது. தூசி, வெற்றிலை எச்சில், போஸ்டர் எல்லாமே வழுக்கி விழுந்துவிடும்.

போஸ்டர் ஒட்டுகிற ஏழுமலை காலையிலிருந்து பசைவாளியோடு நடந்து ஓய்ந்துபோயிருந்தான். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஐந்தாவது தடவையாக ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அவன் கையை எடுத்ததும் சரிந்து தரைக்கு வந்தது.

"பாலத்துத் தூண்ல பாக்கலாமாண்ணே?" என்றாள் வனிதா. போஸ்டரில் இருந்தது அவளுடைய அப்பா.

"அதுக்கும் அடிச்சுட்டாங்கம்மா. பேசாம போன்ல அனுப்பிவிடேன்."

"யாருக்குண்ணே அனுப்புறது? முப்பது வருசம் இந்த பஸ் ஸ்டாண்டுல டீ ஆத்துனாரு. குடிச்சவங்க பேரு எங்களுக்குத் தெரியாது. அவங்களுக்கும் அப்பா மூஞ்சி மட்டுந்தான் தெரியும். மூணு மணிக்கு எடுத்துருவாங்க. நாலு பேராவது வரவேணாமா?"

ஏழுமலைக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. வாளியில் மிச்சமிருந்த பசையைச் சற்றுநேரம் பார்த்தான். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"சட்டையில தடவி ஒட்டும்மா. துணிக்கு இன்னும் பூச்சு அடிக்கல."

"அண்ணே!"

"சுருக்கமில்லாம ஒட்டு. உங்கப்பா மூஞ்சி நல்லாத் தெரியணும்."

ஈரம் முதுகில் சில்லென்று இறங்கியது. பஸ்களுக்கு நடுவே காலை இழுத்து இழுத்து நடந்தான்.

"ஐயோ, நம்ம டீ மாஸ்டரா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

யாரென்று பார்க்கத் தோன்றியது. திரும்பினால் முதுகிலிருக்கும் டீ மாஸ்டரின் முகம் மறைந்துவிடும். ஏழுமலை அசையாமல் நின்றான்.