கழுதைப்படைக்கு வந்த கடிதம்

பாடசாலைச் செயற்திட்டப் பாட்டு அல்பத்தின் அட்டைப்படத்தை, குழுவில் ஒருவனான, மீள்குடியேறிய றெக்சன் வீட்டின் தகரக் கொட்டில் முன்னால் எடுத்தார்கள். சிரிக்காத நான்கு மாணவர்கள், தெருவில் பிடித்த ஒரு கழுதை, குழுவின் பெயர் எழுதிய பலகை: ‘கழுதைப்படை’.

ஆசிரியர் நூற்றுக்கு முப்பது புள்ளி போட்டார். “வீட்டுத்திட்டத்துக்குக் குடும்பமா நிண்டு பேர்ப் பலகை பிடிச்சு எடுக்கிற படம் மாதிரியெல்லோ கிடக்கு. இனி வீடியோவும் எடுக்க வேண்டாம்.”

றெக்சன் படத்தை வீட்டு மூலையில் எறிந்தான். அப்பா பிலிப்பு அதை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

மூன்றாம் மாதம் வீட்டுத்திட்டக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது.

‘திரு. கழுதைப்படை, குடும்பத்தினர் ஐவர். வீடு அனுமதிக்கப்பட்டுள்ளது.’

“அப்பா, அந்தப் படத்தையோ விண்ணப்பத்தோட அனுப்பினீங்கள்?”

“ஓம்.”

“பிழையைத் திருத்தச் சொல்லுவமோ?”

“திருத்தப் போனா இன்னும் மூண்டு வருசம். என்ர பேரை நான் மாத்துறன். நீ போய்க் கழுதையைப் பிடிச்சுக்கொண்டு வா. நாளைக்கு ஆக்களை எண்ண வருவினம்.”