நூற்றில் ஒரு பங்கு

மாஸ்டரின் சுட்டுவிரல் அவளுடைய காதுக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்துக்கு நேராக வந்து நின்றது.

“பயப்படாதீங்க தங்கச்சி. என் சக்தியில நூத்துல ஒரு பங்குதான் குடுப்பேன். முழுசா குடுத்தா உயிர் நிக்காது.”

ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது ஹால் அது. மடக்கு நாற்காலிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தரையில் பாய் விரித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இங்கேதான் மாஸ்டர் ஒற்றை விரலால் ஆட்களைச் சாய்ப்பார்.

முன்வரிசையில் அவளுடைய கணவன் கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தான். லிப்ட் மெக்கானிக். எந்த லிப்ட் எந்த மாடியில் சிக்கிக்கொண்டாலும் கம்பெனி அவனைத்தான் கூப்பிடும். அப்படிப்பட்டவன், வேலையை விட்டுவிட்டு மாஸ்டரோடு மலைமேல் முகாமுக்குப் போய் வித்தையை முழுசாகக் கற்கப் போகிறேன் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறான்.

அவள் அழுது பார்த்தாள். பேசாமல் இருந்து பார்த்தாள். ம்ஹூம்.

விழாமல் நின்று காட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் போன வாரம் மூன்றாம் மாடிப் பல் டாக்டர் அப்படித்தான் கல்தூண் மாதிரி நின்றார். மாஸ்டர் அசரவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் சக்தி ஓட்டம் தடைபடுகிறது என்றார். கூட்டம் கைதட்டியது. டாக்டரே, அப்படித்தான் இருக்குமோ என்று வாய்க்குள் நாக்கைத் துழாவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நின்றால் ஜெயிக்க முடியாது.

விரல் தொட்டது.

அவள் செத்துப்போனாள்.

மற்றவர்களைப் போல ‘ஆ’ என்று கத்தி, கையை ஊன்றி, பார்த்துப் பதமாக விழவில்லை. கொடி அறுந்த ஈரத்துணி மாதிரி சொத்தென்று விழுந்தாள். கண் பாதி திறந்தபடி. வாய் ஒரு பக்கம் கோணியபடி. மூச்சு இல்லை. பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். மூச்சடக்குவது அவளுக்குப் புதிதில்லை.

முதலில் கைதட்டல் கேட்டது. பிறகு ஒவ்வொரு கையாக ஓய்ந்தது.

“எந்திரிங்க தங்கச்சி” என்று மாஸ்டர் கன்னத்தில் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். யாரோ தண்ணீர் என்றார்கள், யாரோ ஆம்புலன்ஸ் என்றார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே அவர் மண்டியிட்டு அவள் காதோடு வாயை வைத்தார்.

“தாயே, எனக்கு ஒரு மண்ணும் தெரியாதும்மா. அவங்களா விழுறாங்க, நானும் சரின்னு விட்டுடறேன். எந்திரிச்சுடும்மா, புள்ளகுட்டிக்காரன்மா நான்.”

இதற்குத்தான் அவள் செத்தது. இன்னும் கொஞ்சம் கிடந்தால் போதும். இதையே அவர் ஹால் அதிரக் கத்தத்தான் போகிறார்.

ஆனால் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த பிறகுதான் தப்பு புரிந்தது. மாஸ்டர் முணுமுணுத்தது வேறு யார் காதிலும் விழவில்லை. அவர்களைப் பொறுத்தவரை, செத்தவள் காதில் மாஸ்டர் ஏதோ ஓதினார், செத்தவள் எழுந்துவிட்டாள்.

பின்வரிசையில் ஒரு அம்மாள் விம்மினாள். பல் டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மாஸ்டர் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி சுற்றிலும் பார்த்தார். கூனிப்போயிருந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் அவரே நம்பிவிடுவார்.

“மாஸ்டர் என் காதுல சொன்னதை எல்லாருக்கும் சொல்லட்டுமா?” என்றாள் அவள், உரக்க.

முதுகு பாதியில் நின்றது.

“என் வீட்டுக்காரருக்கு இந்த வித்தை ஆகாதாம். மலைக்கெல்லாம் வரக் கூடாதாம். இருக்கிற வேலையை விடக் கூடாதாம். அப்படித்தானே மாஸ்டர்?”

“அதே, அதே! நான் சொன்னதே அதான்!” மாஸ்டர் தலையாட்டிய வேகத்தில் கழுத்து கழன்றுவிடும் போலிருந்தது. “லிப்ட் வேலைதான் தம்பிக்கு யோகம்!”

கூட்டம் அதற்கும் கைதட்டியது.

மத்தியானம் அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். செத்துப்போகும் யோசனையே அக்காவுடையதுதான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் அக்காவுக்கு மனசு ஆறவில்லை.

“ஏன்டி அவசரப்பட்டு எந்திரிச்சே? இன்னும் கொஞ்ச நேரம் கிடந்திருந்தா அந்தாளு வண்டவாளம் தண்டவாளம் ஏறியிருக்குமே!”

“கழுத்து பிடிச்சுக்கிச்சுக்கா.”

கழுத்தெல்லாம் ஒன்றும் பிடிக்கவில்லை.

பாதி திறந்த கண்ணால் அவள் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள். மாஸ்டர் அவள் காதில் கெஞ்சி முடித்ததும், அந்தக் கூச்சலுக்கு நடுவே அவள் கணவன் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தான். அழவில்லை. மாஸ்டரின் சட்டையைப் பிடிக்கவில்லை. அவள் பக்கத்தில் மண்டியிட்டு, மாஸ்டரின் கையைப் பிடித்து, சுட்டுவிரலைத் தன் காதுக்குக் கீழே கொண்டுவந்து வைத்துக்கொண்டான்.

“அவளுக்குத் தனியா எங்கேயும் போய்ப் பழக்கமில்ல மாஸ்டர்,” என்றான் மெதுவாக. “என்னையும் கூடவே அனுப்பிடுங்க.”