பதில் சொல்லுங்க, மேடம்!

“நேராப் பதில் சொல்லுங்க மேடம். இங்கே சாஃப்ட்வேர் கட்டடம் வந்தா எங்களுக்கு என்ன வேலை கிடைக்கும்?”

சனத்நகர் சமூகக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் குரல் வந்த பக்கம் திரும்பினார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று கேட்டவள் நஸ்ரின். போன வருஷம் மூடப்பட்ட மோட்டார் தொழிற்சாலையில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தவள். ஹைதராபாத் இந்தியில் அவள் பேசப் பேச, அவளோடு வேலை இழந்த பெண்கள் கை தட்டினார்கள்.

மேடையில் மைக்கைப் பிடித்தபடி நின்றாள் உஷா. வட்டாரத் தொழில் வளர்ச்சி மையத்தில் திட்ட மேலாளர். ஹைடெக் சிட்டியில் இடம் தேடி அலுத்துப்போன ஒரு கம்பெனிக்கு, அந்தத் தொழிற்சாலை நிலத்தைக் கொடுக்கும் வேலை அவள் பொறுப்பு. இன்றைய கூட்டம் நல்லபடியாக முடிந்தால், டெல்லிக்கு மாற்றலாகிப் போகும் இயக்குநர் ரகுநாதனின் பதவி அவளுக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

“நிறைய வேலை வரும்…” என்று ஆரம்பித்தாள் உஷா.

“என்ன வேலை? கேட்ல காவல் காக்கவா, கக்கூஸ் கழுவவா?”

கூட்டம் ஓவென்று கத்தியது.

“உள்ளேயும்… உள்ளேயும் சில வேலைகள்…”

“அதுக்குப் பயிற்சி யார் தருவாங்க? எப்போ தருவாங்க? ஒப்பந்தத்துல எழுதியிருக்கா?”

உஷாவுக்கு நெற்றி வேர்த்தது. கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினாள். “இல்லை… இப்போதைக்கு அது எழுதப்படலை.”

“வாய்ப்பேச்சு நக்கோ மேடம், வேண்டவே வேண்டாம்! எழுத்துல வேணும்!”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரகுநாதன் பல்லைக் கடித்தார். “என்ன உஷா இது? எழுதலைன்னு மைக்லயா சொல்றது? பரிசீலிக்கிறோம்னு சொல்லிட்டு முடிம்மா.”

அதற்குள் பெண்கள் எழுந்து போய் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். தெலுங்கு சேனல்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு அருகில் வந்தார்.

கம்பெனி சார்பில் வந்திருந்த பிரசன்னாவின் முகம் வெளிறிப்போனது. “சார், இது டிவியில வந்தா எங்க சேர்மன் புனேவுக்கே போயிடலாம்னு சொல்லிடுவார்.”

“உங்க வேலை போயிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் மேடம்!” நஸ்ரின் விரலை நீட்டினாள். “ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு எங்க பொழைப்பை வித்துட்டீங்க!”

உஷாவின் கண்கள் கலங்கின. மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

“போலீஸைக் கூப்பிடறேன்” என்று ரகுநாதன் செல்போனை எடுத்தார்.

“வேண்டாம் சார், கேமரா இருக்கு. பொம்பளைங்களைப் போலீஸ் இழுத்துட்டுப் போனா நாளைக்கு அதான் முதல் பக்கத்துல வரும்.” உஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கேக்கறதை எழுதிக் கொடுத்துடலாம் சார். எனக்கு வேற வழி தெரியலை.”

ரகுநாதன் பிரசன்னாவைப் பார்த்தார். பிரசன்னா போனோடு ஒரு மூலைக்குப் போனான். வாசலில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, பக்கத்தில் இருந்தவளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிரசன்னா திரும்பி வந்து தலையசைத்தான்.

உஷா அங்கேயே எழுதி, உரக்கப் படித்தாள். கட்டட வேலை தொடங்கும்போதே கம்பெனி செலவில் பயிற்சியும் தொடங்கும். முடித்தவர்களுக்கு உள்ளேயே கம்ப்யூட்டர் பராமரிப்பிலும் அலுவலகத்திலும் வேலை. பழைய தொழிலாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் முதலிடம். இது ஒப்பந்தத்தில் சேரும்.

ரகுநாதனும் பிரசன்னாவும் கையெழுத்துப் போட்டார்கள். இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் நஸ்ரின் கீழே இறங்கினாள்.

திரும்பும்போது காரில் ரகுநாதன் பேச்சை எடுத்தார். குரல் தணிந்தே இருந்தது.

“ஒருத்தி எழுந்து நின்னு கத்தினா இப்படி ஆடிப்போயிடறதா? கண்ணுல தண்ணி வேற. தலைமைப் பொறுப்புன்னா முதுகெலும்பு வேணும் உஷா. என் இடத்துக்கு உன் பேரைத்தான் சொல்லியிருந்தேன். இனிமே சொல்ல முடியாது.”

“புரியுது சார்.”

“இந்தத் திட்டத்தையும் வேற ஆள் பார்க்கட்டும். நீ நாளையிலேர்ந்து புள்ளிவிவரப் பிரிவுக்குப் போயிடு.”

“சரி சார்.”

குகட்பள்ளி பஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டாள். கார் நெரிசலில் மறைந்ததும் அவள் செல்போன் ஒலித்தது.

“அக்கா…”

நஸ்ரின்தான். கூட்டத்தில் தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவள், இப்போது வாணியம்பாடித் தமிழில் விசும்பினாள். “அத்தனை பேர் முன்னாடி உங்களை அழவெச்சுட்டேனே அக்கா. மனசு கேக்கலை.”

“அட, அழாதே. இதையெல்லாம் நான் ஆபீஸ்ல கேட்டப்போ ஒருத்தரும் காதுல போட்டுக்கலை. நீ கேட்டதும் கையெழுத்தே வந்துடுச்சு பார்த்தியா?”

“உங்க பெரிய பதவி என்னாச்சுக்கா?”

உஷா கார் போன திசையை ஒரு தரம் பார்த்தாள்.

“அதை விடு. புதுசா வேற இயக்குநர் வருவார். அவரையும் சும்மா விடாதே நஸ்ரின். என்ன கேக்கணும்னு நீயே யோசிச்சு வெச்சுக்கோ. இந்தத் தடவை மாதிரி முந்தின நாள் உன் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க, இனிமே எனக்கு எந்தக் கூட்டமும் முன்கூட்டித் தெரியாது.”