இடப்பக்கத்து லீவர்

லீவரை இழுத்தாள். டிராக்டரின் பின்னால் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் ஒரு சாண் எழுந்தது. வெடவெடவென்று நடுங்கியது. அப்படியே உட்கார்ந்துகொண்டது.

சனியன்.

நேற்றுவரை இந்த லீவர் இருக்கையின் வலப்பக்கம் இருந்தது. அவள் புருஷன் நாச்சிமுத்துவுக்கு வலது முழங்கைக்குக் கீழே இப்போது ஒன்றுமில்லை. நார் மில் இயந்திரம் வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் இந்தச் சின்ன டிராக்டர் பக்கம் வரவே இல்லை. கூலிக்கு யாராவது வந்து ஓட்டுவார்கள். சத்தம் கேட்டாலே அவன் வீட்டுக்குள் போய்விடுவான்.

அவனை மறுபடி அந்த இருக்கையில் உட்காரவைக்காமல் விடுவதில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அதற்காகத்தான் புது வால்வு, புது ஹோஸ், இடப்பக்கம் லீவர். மெக்கானிக் முடியாது என்றார். போய்யா என்று தானே இறங்கிவிட்டாள்.

இப்போது தூக்க மாட்டேன் என்கிறது.

ஆயில் மூடியைத் திறந்தாள். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்து நுரைத்திருந்தது. எங்கோ காற்று உள்ளே போகிறது. இணைப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவினாள். ஒரு சொட்டுக் கசிவில்லை.

கொஞ்ச நேரம் வண்டியை முறைத்துக்கொண்டு நின்றாள்.

எண்ணெயைத் தள்ளுகிற குழாய் பழுதானால் ஒழுகும். பம்புக்கு உறிஞ்சிக் கொடுக்கிற குழாய் ஒழுகாது. காற்றைத்தான் குடிக்கும். புது ஹோஸுக்கு வழிவிட அதைத்தானே கழற்றி மாட்டினாள்!

இன்ஜின் ஓட ஓட அந்த இணைப்பைச் சுற்றிக் கிரீஸை அப்பினாள். காற்றுப் போகிற வழி அடைபட்டதும், அதுவரை அலறிக்கொண்டிருந்த பம்பு சட்டென்று அடங்கியது.

அகப்பட்டுக்கொண்டது.

உள்ளே ரப்பர் வளையம் நசுங்கிக் கிடந்தது. புதிது போட்டாள். நுரைத்ததை வடித்துப் புது எண்ணெய் ஊற்றினாள். லீவரை இழுத்தாள். ரோட்டவேட்டர் அலுங்காமல் மேலே வந்து நின்றது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நாச்சிமுத்துவைக் கெஞ்சித்தான் ஏற்றவேண்டியிருந்தது.

வரப்பில் நின்று பார்த்தாள். நேராகத்தான் போனான். தோட்டத்தின் கோடியில் வண்டி நின்றது. ரோட்டவேட்டரைத் தூக்காமல் திரும்ப முடியாது. ஸ்டியரிங்கை விட்டான். லீவரை இழுத்தான். மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்துத் திரும்பினான்.

அடுத்த கோடியிலும் அதே.

அட, மடச்சி! இருக்கிற ஒரு கை ஸ்டியரிங்குக்கே சரியாய்ப் போகிறது. லீவருக்கு ஏது? வலது பாதம் பிரேக்குக்கு வேண்டும். முழங்கால் சும்மாத்தானே இருக்கிறது? இடித்தால் தூக்குகிற மாதிரி லீவரை அங்கே வைத்தால் ஆயிற்று.

ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு உழுத மண்ணில் விழுந்தடித்து ஓடினாள். கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள்.

ஸ்பானரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“நான் எறங்க மாட்டேம் புள்ள.”

“உங்கள யாருங்க எறங்கச் சொன்னது? அந்த வலது காலக் கொஞ்சம் நவுத்துங்க.”