பாக்கெட்டில் இருந்த கைகள்

“ஃபோட்டோவுல அழகா இருக்கணும்னு ஆள் எடுத்திருக்கார், வேறென்ன?” என்று புலம்பினார் ஃபோர்மேன்.

மின்விசிறி இறக்கை வெட்டும் பிரஸ் பிரிவுக்குப் புது அணி. எல்லா விதமான ஆட்களும் கலந்திருக்க வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. ரிட்டயர் ஆகப்போகிற பெரியவர், கைக்குழந்தைக்காரி, காலேஜ் முடித்தவன், எல்லாவற்றுக்கும் மேலாகக் காது கேட்காத ஒரு பெண்.

“தகரம் வெட்டுற இடம் சார். அவளை நான் எப்படிக் கூப்பிடுவேன்?”

“சமாளிங்க. ஆறு மாசம் பார்ப்போம். சரிவரலைன்னா அனுப்பிடலாம்.” மேனேஜரின் இரண்டு கைகளும் பேன்ட் பாக்கெட்டில் இருந்தன.

ஃபோர்மேன் சமாளித்தார். மெஷினுக்கு எண்ணெய் விடச் சொல்வதாக நினைத்து, அவளைக் குளித்துவிட்டு வரும்படி சைகை செய்தார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “முதல்ல நீங்க போங்கண்ணே” என்று கையாலேயே பதில் சொன்னாள். பிரிவே சிரித்தது.

அந்த இரைச்சலில் காது உள்ளவர்களுக்கும் ஒன்றும் கேட்காது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக் கையைத் திறந்தார்கள். முதலில் வேலை பேசினார்கள். பிறகு வம்பு. மாமியார், மருமகள் எல்லாம் விரல் நுனியில் வந்து நின்றார்கள்.

மேனேஜருக்கு அவள் ஒரு பட்டப்பெயர் வைத்தாள். கன்னத்தை உப்பி, வயிற்றைச் சுற்றி ஒரு வட்டம். பூசணி.

பூசணி தினமும் வரும். அவள் கையசைத்தால் கண்டுகொள்ளாது. கை பாக்கெட்டை விட்டு வெளியே வராது.

“கை நோகுமோ துரைக்கு?” என்று பொருமுவார் ஃபோர்மேன். வேலைக்கு எடுத்ததோடு சரி, ஒரு மனுஷியாக அவளைப் பார்க்கவில்லையே என்று அவருக்கு ஆற்றாமை.

ஆறு மாசம் முடிந்தது. அவள் இருப்பதா, போவதா என்று முடிவு செய்ய மேனேஜர் வந்தார்.

“பூசணி வருது. மூஞ்சியைப் பாரு, வீட்டுல சண்டை போல” என்றன பெரியவரின் கைகள்.

“இவளை மட்டும் அனுப்பட்டும், பூசணியை பிரஸ்ல வச்சு இறக்கையா வெட்டிடறேன்” என்றன ஃபோர்மேனின் கைகள்.

அவள் மட்டும் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல ஒழுக்கம். ஒரு பேச்சுச் சத்தம் இல்லை” என்று பாராட்டிவிட்டு, ஃபோர்மேனைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப்போனார் மேனேஜர்.

“அந்தப் பொண்ணை என்ன செய்யலாம்?”

“அனுப்பறதா இருந்தா என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க சார்.”

“நீங்கதானே வேண்டாம்னீங்க?”

“அப்ப எனக்குக் கை பேசாது சார். இப்பப் பேசும். நீங்கதான் இன்னிக்கு வரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை பேசலை.”

மேனேஜர் அறை விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். வெளிச்சம் துடித்ததும் வெளியே அவள் நிமிர்ந்தாள்.

மேனேஜர் பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்தார். கன்னத்தை உப்பினார். வயிற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு அவர் விரல்கள் தண்ணீர் மாதிரி ஓடின. “பூசணி சொல்றேன். இனி நீ நிரந்தரம்.”

தகரம் அவள் கையிலிருந்து நழுவியது.

“சார்... உங்களுக்கு இது...” என்று இழுத்தார் ஃபோர்மேன்.

“எங்க அக்காவுக்குக் காது கேட்காது. பேச்சு வர்றதுக்கு முன்னாடியே எனக்கு இது வந்திடுச்சு.”

“அப்புறம் ஏன் சார் இத்தனை நாளா?”

“நான் பேசியிருந்தா, எதுக்கெடுத்தாலும் என்னைத்தானே கூப்பிட்டிருப்பீங்க? நீங்க யாரும் அவகிட்டப் பேசியே இருக்க மாட்டீங்க.”

கைகளை மறுபடி பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு கதவு வரை போனவர், எதையோ நினைத்துக்கொண்டு நின்றார். ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, ஃபோர்மேனுக்கு மட்டும் தெரியும்படி சொன்னார்:

“அனுப்பலையே. பிரஸ்ல வச்சிடாதீங்க.”