காலிக் கூண்டின் தும்மல்

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநரின் கொல்லையில் ஒரு கோழி தும்மியது. தன் எஞ்சின்கூட அப்படிக் கூவியதில்லை என்பார் அவர். மனைவிக்கு அது ‘ப்ச்’ என்றுதான் கேட்டது.

“தும்முறதைத் தனியாப் பிரிச்சு வைங்க சார். இல்லன்னா எல்லாத்துக்கும் ஒட்டிக்கும், ஒண்ணும் மிஞ்சாது,” என்றார் கால்நடை மருத்துவர்.

இருந்த ஐந்து கோழிகளில் எது தும்முகிறது என்று தெரியவில்லை. எதற்கும் மூக்கு ஒழுகவில்லை. முதலில் கறுப்பியைக் குளியலறையில் விட்டார். கூண்டில் தும்மல் தொடர்ந்தது. அடுத்ததைச் சமையலறைக்குக் கொண்டுபோனார். அப்படியே ஒவ்வொன்றாக எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன; கடைசிக் கோழி அவர் கட்டிலில் மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குள் ஒரு தும்மல்கூட இல்லை.

கொல்லையில் காலிக் கூண்டு தும்மியது.

“கூண்டையும் தூக்கிட்டு வாங்களேன், ஹால் சும்மாத்தான் இருக்கு,” என்றாள் மனைவி.

“உள்ள ஒண்ணுமே இல்லடி. நல்லாப் பாத்துட்டேன்.”

“இருந்தா என்ன, இல்லன்னா என்ன. டாக்டர் குடுத்த மருந்துத் தண்ணிய வைங்க. பாவம், மூச்சு விட முடியாமத் தவிக்குது.”

தூசி படிந்த வைக்கோலை மாற்றிவிட்டு, மருந்துக் கிண்ணத்தை உள்ளே வைத்தார். காலையில் தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. அந்த வாரமே தும்மல் நின்றது.

கோழிகளைத் திரும்பக் கூண்டில் விட்டார். ஐந்தும் சண்டை போடாமல் கம்பில் ஏறி வரிசையாக உட்கார்ந்தன, நடுவில் ஒரு கோழி அகலத்துக்கு இடம் விட்டு.